செண்பகவல்லி டீச்சரின் கால்கள் இருந்த வீடு

செண்பகவல்லி டீச்சர் ஐரோப்பாவில் சுற்றிய பதினைந்து நாளும், அதற்குப் பிறகு யார் கணக்கிலும் வராத பதினோரு நாளும், அவள் கால்கள் எங்கெல்லாம் நடந்தனவோ அந்த இடத்துப் புழுதியும் ஈரமும் வலியும் என் கால்களில்தான் வந்து இறங்கின. இதை நான் சொல்லித்தான் எங்கள் ஆசிரியர் காலனி மூன்றாம் தெருவுக்குத் தெரியவேண்டும் என்பதில்லை, தெருவே வந்து தொட்டுப் பார்த்திருக்கிறது, தயிர்ப்பாத்திரத்தைக் கொண்டுவந்து என் கால்களுக்குப் பக்கத்தில் வைத்து எடுத்துக்கொண்டு போயிருக்கிறது, ஆகையால் நம்பிக்கை இல்லாதவர்கள் அங்கே போய் விசாரித்துக்கொள்ளலாம், என்னிடம் வந்து வாயைக் கொடுக்க வேண்டாம்.

நான் அழகுநாச்சியார், ஓய்வுபெற்ற பூகோள டீச்சர். எங்கள் ஊர் அரசு பெண்கள் பள்ளியில் முப்பத்தொரு வருஷம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஐரோப்பா நடத்தினேன், ரைன் நதி எங்கே பிறக்கிறது, ஆல்ப்ஸ் எத்தனை நாட்டில் படுத்திருக்கிறது, எல்லாம் ஒரே ஒரு துணி வரைபடத்தையும் ஒரு பிரம்பையும் வைத்துக்கொண்டு, கரிசல் மண்ணைத் தாண்டி வேறு மண்ணை மிதிக்காமல். செண்பகவல்லி தையல் டீச்சர். ஆசிரியர் அறையில் ஒரே பெஞ்சு, காலனியில் அடுத்தடுத்த வீடு, நாலு பேர் முன்னால் ஒருத்தியை ஒருத்தி டீச்சர் என்போம், தனியாக இருந்தால் ஏட்டிதான். ஒரு வருஷம் எவளோ ஒரு பிள்ளை வரைபடத்தை இழுத்த இழுப்பில் ஐரோப்பா சுவிட்சர்லாந்திலிருந்து வியன்னா வரைக்கும் கிழிந்துபோக, செண்பகம்தான் உட்கார்ந்து கறுப்பு நூலால் தைத்துக் கொடுத்தாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஜூன் மாசமும் வரைபடத்தை விரிக்கும்போது, நான் தச்ச இடத்துல என்னட்டி இருக்கு என்று கேட்பாள், நானும் ஒவ்வொரு ஜூன் மாசமும், ஒண்ணும் இல்லட்டி, வெறும் மலை என்று சொல்லுவேன்.

ஓய்வுபெற்றதும் இரண்டு பேரும் போய்ப் பார்த்துவிடுவது என்று பேசி வைத்திருந்தோம். மதுரையில் ஒரு கம்பெனி பதினைந்து நாளில் எட்டு நாடு, கூடவே நம்ம ஊர் சமையல்காரர், மூணு வேளையும் நம்ம ஊர்ச் சாப்பாடு என்று விளம்பரம் போட்டிருந்தது, ஐரோப்பாவுக்குப் போய் ஐரோப்பாவைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சாப்பிடலாம் என்பதில் எங்கள் காலனிக்கு ரொம்பத் திருப்தி. ஒன்றாகவே பாஸ்போர்ட் எடுத்தோம், ஒன்றாகவே சென்னைக்குப் போய் விசாவுக்குக் கைரேகை வைத்தோம். அவளுக்கு வந்தது. எனக்கு ஒரு கடிதம் வந்தது, இவர் தன் நாட்டுக்குத் திரும்பி வருவார் என்று நம்புவதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று. அவளுக்குப் புருஷன் இருக்கிறார், இரண்டு பையன்கள் இருக்கிறார்கள், சொந்த வீடு இருக்கிறது, அதெல்லாம் ஆதாரம். நான் கல்யாணம் பண்ணிக்கொள்ளாதவள், வாடகை வீட்டுக்காரி, முப்பத்தொரு வருஷம் முதல் மணி அடிப்பதற்கு முன்னால் வந்து நின்றேனே, அதை யாராவது ஆதாரமாக எடுத்துக்கொண்டார்களா? நீ வராம நானும் போகலைட்டி என்றாள் செண்பகம். வீம்புக்கு, நீ போட்டி, எனக்கென்ன, எல்லாம் நான் மனப்பாடமா வச்சிருக்கேன் என்றேன். அவள் அதை நிஜம் என்று எடுத்துக்கொண்டு போய்ப் பெட்டி அடுக்கினாள், அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரத்தை எங்கே கொண்டுபோய் வைக்க.

அவள் கிளம்பிய நாள் அக்னி நட்சத்திரத்துக்கு இரண்டாம் நாள். தெருவே வாசலில் நின்றது. அவள் வீட்டுக்காரர் ஹெச்.எம். கனகவேல் சார், பையன்கள் பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியராக இருந்தவர், அந்த ஊர் பாத்ரூமில் தண்ணீர் கிடையாது என்று கேள்விப்பட்ட நாளிலேயே பயணத்திலிருந்து விலகிக்கொண்டவர், செண்பகம், என் மூக்குக்கண்ணாடி எங்க, செண்பகம், மாத்திரை எங்க, செண்பகம், இந்த அடுப்பு எப்படிப் பத்தும் என்று அவள் கார் கதவைத் திறக்கும்வரை கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அது அவருக்கு வழக்கம்தான். அடுத்த தெரு ஜெபமணி சார், அறிவியல் நடத்தியவர், ஒரு நாளைக்கு எத்தனை தடவை அந்தப் பெயரைக் கூப்பிடுகிறார் என்று ஒருமுறை எண்ண ஆரம்பித்து, மத்தியானத்துக்குள் நூறு தாண்டியதும் நோட்டை மூடி வைத்துவிட்டார். ஆனால் அதெல்லாம் முன்னால் நின்று கூப்பிட்டது, அதில் தோஷம் இல்லை. அவள் கடைசியாகத் திரும்பி, எல்லோருக்கும் போயிட்டு வாரேன் சொல்லி, காரைப் பார்த்து நாலு எட்டு வைத்த பிறகு, பின்னாலிருந்து கூப்பிட்டது நான்.

செண்பகம், கண்ணாடி எடுத்தியா என்று கூப்பிட்டேன். கண்ணாடி அவள் மூக்கில்தான் இருந்தது, எனக்கு நன்றாகவே தெரிந்தது, உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்.

பயணம் கிளம்புகிறவர்களைப் பின்னாலிருந்து கூப்பிட்டுவிட்டால் அவர்கள் திரும்பி வந்து, உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்பவேண்டும், இது எங்கள் ஊரில் மூன்று வயசுப் பிள்ளைக்கும் தெரியும். தெருவே என்னை முறைத்தது. செண்பகம் திரும்பி என் வீட்டுக்குள் வந்தாள், முன்னறையில் கிடந்த பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தாள், நான் கொடுத்த எவர்சில்வர் தம்ளரை அண்ணாந்து பாதி குடித்தாள், மீதியை வைத்துவிட்டுப் போய்விட்டாள். எட்டு நாளைக்கு ஒருமுறை குழாயில் தண்ணீர் வருகிற ஊரில் பாதித் தம்ளரைக் கொட்டுவதற்கு எனக்குக் கை வரவில்லை. எடுத்துக் குடித்துவிட்டேன். நடந்த தப்பு இவ்வளவுதான்.

மறுநாள் விடிகாலை அவள் விமானம் ஏறியவுடன் என் கணுக்கால் இரண்டும் வீங்கின. பாரீஸில் அந்த இரும்புக் கோபுரத்துக்கு அவள் வரிசையில் மூன்று மணி நேரம் நின்றபோது நான் நாற்காலியில் உட்கார்ந்தபடியே உள்ளங்கால் எரிந்து துடித்தேன், அந்த நேரம் பார்த்து காலனி வாட்ஸப்பில் அவள் படம் வந்தது, கோபுரத்தின் உச்சியை இரண்டு விரலால் கிள்ளிப் பிடித்தமாதிரி சிரித்துக்கொண்டு நின்றாள். ஆம்ஸ்டர்டாமில் பூந்தோட்டம் பார்த்த சாயங்காலம் என் கால்விரல் இடுக்கில் சிவப்பாக ஓர் இதழ் ஒட்டியிருந்தது, ஜெபமணி சார் அதை இடுக்கியால் எடுத்து நோட்டில் ஒட்டி, கீழே நாள், கிழமை, நேரம் எழுதி, சாட்சிக்கு என்னிடம் ஒரு கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். கொலோன் என்ற ஊரில் ஐநூறு படி ஏறினாள், எனக்கு முட்டி பிடித்துக்கொண்டது. அப்போதுதான் தெரிந்தது, அவளுக்கு முட்டிவலி அவ்வளவு இருக்கிறது என்று. முப்பது வருஷம் பக்கத்து வீட்டில் இருந்தும் எனக்குத் தெரியாது, அவள் சொன்னதே இல்லை.

காலனி இதை ஒழுங்காகத்தான் எடுத்துக்கொண்டது, வாத்தியார்கள் இல்லையா, எது நடந்தாலும் அதற்கு ஒரு பதிவேடு போட்டுவிட்டால் அவர்களுக்கு மனசு அடங்கிவிடும். ஜெபமணி சார் நாற்பது பக்க நோட்டில் கோடு போட்டுத் தேதி, ஊர், வெப்பநிலை, குறிப்பு என்று கட்டம் பிரித்தார். ஹெச்.எம். சாருக்கு மட்டும் ஒரு மனத்தாங்கல். கட்டின பெண்டாட்டியின் கால் முறைப்படி தனக்குத்தான் வந்திருக்க வேண்டும், பக்கத்து வீட்டுக்குப் போனது சரியில்லை என்று காலனி சங்கத்தில் வாய்மொழியாகப் புகார் சொன்னார். சங்கம் கூடி விவாதித்து, மீதித் தண்ணீரை யார் குடித்தார்களோ அவர்களுக்குத்தான் கால் என்று முடிவு சொன்னது. அன்றிலிருந்து தினமும் காலை அவர் வந்து கதவோரம் நின்று, நோட்டின் ஓரத்தில் பச்சை மையில் பார்வையிட்டேன் என்று போட்டுவிட்டுப் போவார்.

அப்புறம் அவர்கள் சுவிட்சர்லாந்துக்குப் போய்ப் பனிமலை ஏறினார்கள். எங்கள் ஊரில் நூற்றி ஆறு டிகிரி வெயில், காக்காய்கூடப் பறக்கவில்லை, என் கால்கள் முழங்காலுக்குக் கீழே வெளுத்து, விறைத்து, பக்கத்தில் கையை வைத்தால் ஜில்லென்று காற்று அடித்தது. முதலில் வந்தது பூக்காரி பேச்சியம்மா. மல்லிகைப்பூ வாடுது டீச்சர், ஒரு ஓரமா வச்சிக்கிடுதேன் என்று ஈரச்சாக்கோடு கூடையை என் பாதத்துக்கு அருகில் வைத்தாள். பிறகு தயிர் வந்தது, இட்லிமாவு வந்தது, நீர்மோர் வந்தது, சர்க்கரைக்காரர்கள் ஊசிமருந்தைக் கொண்டுவந்து வரிசையாக வைத்தார்கள், மின்சாரம் போன நேரத்தில் மாதர் சங்கக் கூட்டமே என் முன்னறைக்கு மாறியது. அந்த மூன்று நாளும் நான் அடுப்புப் பற்றவைக்கவில்லை, வைத்து எடுத்துப் போனவர்களே சமைத்துக் கொடுத்தார்கள். எல்லோருக்கும் என்மேல் திடீர்ப் பாசம். எனக்கு மட்டும் வயிறு எரிந்தது. முப்பத்தொரு வருஷம் நான் கேட்டுக்கொண்டிருந்த ஐரோப்பா வந்தேவிட்டது, ஆனால் முழங்காலுக்குக் கீழேதான் வந்தது, கண்ணுக்கு ஒன்றும் கிடையாது. மலையைப் பார்த்தது அவள், மலையின் குளிரை வைத்து ஊருக்குத் தயிர் புளிக்காமல் பார்த்துக்கொண்டது நான்.

இன்னொன்றும் அந்த நாட்களில் தெரிந்துகொண்டேன், அதை நோட்டில் எழுதக் கொடுக்கவில்லை. அவளுடைய கால்கள் தூங்கும்போதும் தூங்காது. இரவோ பகலோ, குதிகால் தரையில் முழுதாகப் படியாமல், இதோ எழுந்துவிடுகிறேன் என்கிற மாதிரியே இருக்கும். ஹெச்.எம். சார் பக்கத்து வீட்டில் போனைப் போட்டு, செண்பகம், சீரக டப்பா எங்க இருக்கு என்று கேட்பது எனக்குச் சுவர் வழியாகக் கேட்கும், அந்தப் பெயர் கேட்ட நிமிஷம் என் இரண்டு காலும் விலுக்கென்று எழுந்து நிற்கப் பார்க்கும். பாரீஸிலும் அப்படித்தான், பனிமலை உச்சியிலும் அப்படித்தான்.

பத்தாம் நாள் பஸ் ஆஸ்திரியாவைத் தாண்டி இத்தாலிக்குப் போகிற வழியில், பாத்ரூமுக்காக ஒரு சின்ன ஊரில் நின்றது. எந்த விளம்பரத்திலும் அந்த ஊர் கிடையாது. என் கால்கள் இறங்கி இருநூறு எட்டு வைத்து நடந்தன, திரும்பவில்லை. சரளைக்கல்லில் நடந்தன, பிறகு புல்லில், பிறகு செருப்பைக் கழற்றிப்போட்டுவிட்டு நல்ல குளிர்ந்த ஓடுகிற தண்ணீரில் இறங்கி அப்படியே இருந்தன. நான் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து, சரி, இப்போ ஏறுவா, இப்போ ஏறுவா என்று காத்திருந்தேன். ஒரு மணி நேரம் ஆயிற்று, இரண்டு ஆயிற்று. நான் எழுந்து ஈரக்காலோடு போய், பழைய வரைபடத்தைப் பரணிலிருந்து இறக்கி விரித்து, பஸ் போகிற பாதையில் விரலை வைத்துக்கொண்டே வந்தேன், விரல் கறுப்பு நூல்தையலில் போய் முட்டியது.

ஹெச்.எம். சாருக்குச் செய்தி வந்ததே அதற்கப்புறம்தான். டூர் மேனேஜர் போனில் சொன்னாராம். டீச்சர் தன் விருப்பப்படி குழுவிலிருந்து விலகுவதாக முறையாக எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார், விசாவுக்கும் இன்னும் நாள் இருக்கிறது, நாற்பத்தோரு பேரை வைத்துக்கொண்டு நாங்கள் காத்திருக்க முடியாது, சமையல்காரரிடம் மட்டும் வீட்டுக்கு என்று ஒரு காகிதம் கொடுத்திருக்கிறார், அதில், நான் கொஞ்ச நேரம் உட்கார்ந்துட்டு வாரேன், தேட வேண்டாம், சாம்பார் நல்லா இருந்தது என்று எழுதியிருக்கிறது. அந்தக் காகிதத்தைத் தரமாட்டேன் என்று சமையல்காரர் தன் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டாராம், இத்தனை வருஷத்தில் அவரிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லையாம்.

பதினைந்தாம் நாள் மற்றவர்கள் சாக்லெட்டோடு வந்து இறங்கினார்கள். செண்பகத்தின் பெட்டி மட்டும் வந்தது. ஹெச்.எம். சார் அந்தப் பெட்டியை வாசலில் வைத்துக்கொண்டு, உள்ளே எடுத்துப் போவதா வெளியே வைப்பதா என்று தெரியாமல் நின்றதை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பையன்கள் இரண்டு பேரும் பெங்களூரிலிருந்தும் ஓசூரிலிருந்தும் போன் பண்ணி, அம்மா இல்லாமல் அப்பாவை யார் பார்ப்பது என்று ஒருத்தனை ஒருத்தன் கேட்டுக்கொண்டார்கள். செண்பகம் போனை அணைத்து வைத்திருந்தாள். எனக்கு ஒரு மணி நேரத்துக்கு, மறைக்காமல் சொல்கிறேன், குரூரமான ஒரு சந்தோஷம் இருந்தது. பாருங்கடா, ஆதாரம் கேட்டீர்களே, புருஷன் இங்கே இருக்கிறார், பையன்கள் இருக்கிறார்கள், சொந்த வீடு இருக்கிறது, எல்லா ஆதாரமும் அப்படியே இருக்கிறது, அவள்தான் இல்லை. அந்த ஒரு மணி நேரம் முடிந்ததும் பயம் வந்துவிட்டது. அவள் வரவில்லை என்றால் நான் யாரை ஏட்டி என்று கூப்பிடுவேன். இந்த ஊரில் எனக்கு வேறு யாரும் இல்லை.

சங்கம் கூடியது. என் முன்னறையில்தான், தயிர்ப்பாத்திரங்கள் போய்விட்டிருந்தாலும் பழக்கதோஷத்தில் எல்லோரும் இங்கேயே வந்தார்கள். வழியைக் கண்டுபிடித்தது ஜெபமணி சார்தான். பின்னாலிருந்து கூப்பிட்டால் பயணம் போகிறவர் திரும்பி வந்து உட்கார்ந்து தண்ணீர் குடிக்க வேண்டும் என்பது விதி. நாச்சியார் டீச்சர் கூப்பிட்டபோது அது ஒருமுறை வேலை செய்திருக்கிறது. நாச்சியார் டீச்சரின் கால்கள் இப்போதும் செண்பகவல்லி டீச்சருக்குப் பின்னாலேயே நிற்கின்றன, இங்கிருந்து கூப்பிட்டாலும் அது பின்னாலிருந்து கூப்பிட்ட கணக்குத்தான். எனவே டீச்சர் இன்னொருமுறை கூப்பிட்டால் போதும். இதில் ஒரு குற்றமும் யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. அறுபது பெண்பிள்ளைகளை ஒரே சத்தத்தில் உட்காரவைத்த குரல் ஆச்சே என்று வேறு சொன்னார்கள். பிரம்பு நாற்காலியை எடுத்து வந்து வாசலைப் பார்த்துப் போட்டார்கள். தம்ளரில் தண்ணீர் நிரப்பி வைத்தார்கள். தெரு முழுக்க இரண்டு பக்கமும் ஒதுங்கி வழிவிட்டு நின்றது.

ஹெச்.எம். சார் என் பக்கத்தில் வந்து நின்றார். சவரம் செய்யாமல், சட்டைப் பொத்தானை ஒன்று மாற்றிப் போட்டிருந்தார்.

"டீச்சர், ஒரு தடவை கூப்பிடுங்க. நான் கூப்பிட்டா அவளுக்கு எட்டாது. நீங்க கூப்பிட்டா வந்துருவா."

கூப்பிட வேண்டும் என்றுதான் நானும் வாசலுக்கு வந்து நின்றேன், இதில் ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை, அந்தக் கூட்டத்தில் அத்தனை பேரையும்விட எனக்குத்தான் அவள் வேண்டும். வடமேற்கே பார்த்து நின்று மூச்சை இழுத்தேன். வாயைத் திறந்தேன். அந்த நேரம் அவள் காலை ஆற்றில் விட்டிருந்தாள், குட்டிக் குட்டி மீன்கள் வந்து என் கட்டைவிரலைக் கடித்துக் கடித்து விட்டன, குதிகால் இரண்டும் அடியில் வழுவழுப்பான ஒரு கல்லின்மேல் முழுதாக, பாரமாக, சோம்பலாகப் படிந்து கிடந்தன. பதினைந்து நாள் அந்தக் கால்களைச் சுமந்தவள் நான், அவை அப்படிக் கிடந்து நான் பார்த்ததே இல்லை. பக்கத்திலேயே ஹெச்.எம். சார் செண்பகம், செண்பகம் என்று முனகிக்கொண்டிருந்தார், அவை அசையவில்லை. கண்ணாடியை மூக்கில் வைத்துக்கொண்டு கிளம்பியவளைக் கண்ணாடி எடுத்தியா என்று கூப்பிட்டவள்தானே நான். எனக்கு எப்படிக் கூப்பிட வரும்.

வாயை மூடிக்கொண்டேன். தொண்டை கட்டிக்கிச்சு என்றேன், சத்தமே வராமல்.

முப்பத்தொரு வருஷ வாத்தியார் வேலையில் தொண்டை கட்டாதவர் யார், ஒருவரும் சந்தேகப்படவில்லை. அன்று தொடங்கி பதினோரு நாள் நான் பேசவில்லை, பேசினால் கூப்பிடச் சொல்லுவார்களே. மிளகுக் கஷாயம் வந்தது, பனங்கற்கண்டுப் பால் வந்தது, சித்தரத்தை வந்தது, ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒவ்வொரு வைத்தியம், எல்லாவற்றையும் மறுக்காமல் குடித்தேன், காலுக்கு ஐரோப்பா, தொண்டைக்கு காலனி என்று என் உடம்பு பங்கு போயிற்று. ஜெபமணி சார் தினமும் டார்ச் அடித்துப் பார்த்து, தொண்டை, முன்னேற்றம் இல்லை என்று எழுதினார். இடது கை ஆள்காட்டி விரலில் புதிதாக ஊசி குத்தின புள்ளிகள் விழ ஆரம்பித்தன, கால் மட்டும்தான் என்று இருந்தது விரலுக்கும் ஏறிவிட்டது. யார் வீட்டுத் திரையையோ உட்கார்ந்து தைத்துக் கொடுத்துக்கொண்டு அவள் அங்கே தங்கியிருக்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. வெண்டைக்காய் நறுக்கும்போது பட்டது என்று கையைக் காட்டிச் சமாளித்தேன்.

ஒரு நாள் சாயங்காலம் ஹெச்.எம். சார் நோட்டில் கையெழுத்துப் போட வந்தவர் போகாமல் நின்றார். பக்கத்து வீட்டில் அவர் கூப்பிடும் சத்தம் இப்போதெல்லாம் குறைந்திருந்தது, செண்ப வரைக்கும் வந்து அப்படியே நின்றுவிடும், பிறகு பாத்திரம் உருளுகிற சத்தம் கேட்கும், அவராகத் தேடுகிறார் என்று தெரிந்துகொள்ளலாம். தலையைக் குனிந்துகொண்டு, இப்ப அவளுக்குக் கால் வலிக்குதா டீச்சர் என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். முட்டியுமா என்றார். முட்டியும் இல்லை என்று தலையாட்டினேன். அவர் என் முட்டியையே கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பச்சை மை பேனாவை மூடிப் பையில் குத்திக்கொண்டு, அன்றைக்குக் கையெழுத்துப் போடாமலேயே போனார்.

இருபத்தைந்தாம் நாள் கால்கள் ஷூவுக்குள் போயின. நடந்தன, ரயில் ஏறின, இறங்கின, பிறகு கணுக்கால் இரண்டும் பழையபடி வீங்கின. நான் யாரிடமும் சொல்லவில்லை, சொல்லத் தொண்டையும் இல்லை. வீட்டைக் கூட்டிப் பெருக்கினேன், பிரம்பு நாற்காலியைத் துடைத்தேன், அன்றைக்குக் குழாயில் தண்ணீர் வருகிற முறை, புதுத்தண்ணீர் பிடித்துத் தம்ளரில் நிரப்பி மூடி வைத்தேன். மறுநாள் காலை பத்து மணிக்கு ரயில்நிலையத்திலிருந்து ஓர் ஆட்டோ வந்து நின்றது. செண்பகம் தோளில் ஒரு துணிப்பையோடு இறங்கினாள், கறுத்து, மெலிந்து, நன்றாக இருந்தாள். தன் வீட்டு கேட்டைத் தாண்டி நேராக என் வீட்டுக்குள் வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஏட்டி, தண்ணி குடு."

கொடுத்தேன். அவள் அண்ணாந்து குடித்தாள், பாதியில் நிறுத்தி என்னைப் பார்த்தாள். பதினோரு நாளாகப் பேசாத தொண்டை எனக்கு அப்போதுதான் நிஜமாகவே கட்டியிருந்தது.

"அங்க என்னட்டி இருந்துச்சு?" என்றேன்.

"நீ சொன்னதுதான். ஒண்ணும் இல்ல, வெறும் மலை. அங்க ஒரு லாட்ஜ்காரம்மா இருந்தா, கிழிஞ்ச திரையெல்லாம் தச்சுக் குடுத்தேன். அவளுக்கு என் பேரு வாயில நுழையல, அதனால கூப்பிடவே மாட்டா." சிரித்தாள். "நல்லா இருந்துச்சுட்டி."

"அப்புறம் எதுக்கு வந்த?"

அவள் தம்ளரை மடியில் வைத்துக்கொண்டாள்.

"நீ கூப்பிடுவேன்னு தினமும் காதைக் குடுத்துக்கிட்டு இருந்தேன். போகும்போதே கூப்பிட்டவளாச்சே, இவ விடமாட்டா, கூப்பிட்டான்னா திரும்பி வரவே கூடாதுன்னு முடிவு பண்ணி வச்சிருந்தேன். நீ கூப்பிடவே இல்ல. அதான் வந்தேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது, வயசான காலத்தில் மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றேன். அவள் என்னைப் பார்க்காத மாதிரி மீதித் தண்ணீரையும், எனக்கு என்று ஒரு சொட்டு வைக்காமல், கடைசி வரைக்கும் குடித்துத் தம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். என் கால்கள் எனக்குத் திரும்பி வந்தன. வெடித்த குதிகால், கரிசல் புழுதி, ஒரு ஊரும் போகாத பழைய கால்கள். அவள் முட்டியைப் பிடித்துக்கொண்டு, அய்யோ என்று முனகி, பிறகு வழக்கம்போல ஒன்றும் இல்லை என்கிற முகத்தை வைத்துக்கொள்ளப் பார்த்தாள், எனக்குத் தெரியும் என்பது நினைவுக்கு வந்ததும் அந்த முகத்தை விட்டுவிட்டாள்.

பக்கத்து வீட்டுச் சுவருக்கு மேல் ஹெச்.எம். சாரின் தலை தெரிந்தது, ஆட்டோ சத்தம் கேட்டிருக்க வேண்டும். செண்பகம் என்று கூப்பிட்டார். நான் என் பழைய கால்களைக் குனிந்து பார்த்தேன், பழக்கத்தில்தான். பிறகு அவளுடையதைப் பார்த்தேன். குதிகால் இரண்டும் தரையில் முழுதாகப் படிந்திருந்தன.

"அடுத்த வருஷம் நீ எழுதிப் போடுட்டி," என்றாள். "திரும்பி வருவேன்னு ஆதாரம் கேட்டாம்லா, அந்த இடத்துல என் பேரை எழுது."

ஹெச்.எம். சார் மறுபடி கூப்பிட்டார். வாரேன் என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.